வகுப்பில் பிள்ளைகளின் நடத்தையைக் கவனித்து எழுதுவது எப்படி: ஆசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

"சொன்ன பேச்சு கேட்பதில்லை", "மந்தமாக இருக்கிறாள்", "சேட்டை தாங்க முடியவில்லை". பல பள்ளிகளில் மாணவர் குறிப்பேட்டைத் திறந்தால் இந்த மூன்றில் ஒன்றுதான் எழுதியிருக்கும். இதைக் கையில் கொடுத்தால் தலைமையாசிரியராலும் முடியாது, சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியராலும் முடியாது, டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை என்ன செய்தது, எப்போது, எத்தனை தடவை, அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த வேலை நகரும்.

ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளில், முப்பது நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தனி ஆளாகப் பாடம் நடத்துகிறவர்களுக்காக இது எழுதப்பட்டது. பாடத்தை நிறுத்தாமல் செய்ய முடிந்தவை மட்டுமே இதில் உள்ளன. படிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நேரே ஏழாவது படிக்குப் போய்ப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, இதை வைத்து என்ன செய்வது என்று பிறகு யோசிக்கிறார்கள்.

1. காத்திருக்கக் கூடாதவற்றை முதலில் பிரித்துவிடுங்கள்

கவனித்து எழுதும் வேலைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். சில விஷயங்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. உடம்பில் விளங்காத காயம், சூடு, கன்றிய தடம். பாலியல் தொல்லை பற்றிப் பிள்ளை சொன்ன ஒரு சொல். தன்னையே காயப்படுத்திக்கொள்வது, செத்துப்போகிறேன் என்று பேசுவது. இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்ல வேண்டும்.

பாலியல் குற்றமானால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது அறிந்தவர் ஒவ்வொருவரின் கடமை. தெரிந்தும் மறைத்தால் 6 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இந்த நேரத்தில் எழுத வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளை சொன்ன சொற்கள், சொன்னபடியே, தேதியும் நேரமும் போட்டு. தோண்டித் துருவிக் கேட்காதீர்கள். நாலு பேர் நாலு விதமாகக் கேட்டால் பிள்ளையின் பேச்சு மாறும், பயம் கூடும், விசாரணையும் கெடும்.

2. கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில், எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம் என்பதைக் கேள்வியாக எழுத வேண்டும். "கணக்குப் பாடத்தில் இவன் எத்தனை தடவை இடத்தைவிட்டு எழுகிறான், எதற்குப் பிறகு எழுகிறான்?" என்றால் வேலை நடக்கும். "இவன் ஏன் இப்படி இருக்கிறான்?" என்பதற்கு எவ்வளவு பார்த்தாலும் பதில் கிடைக்காது.

ஒரு பிள்ளைக்கு ஒரு சமயத்தில் ஒரு கேள்விதான். வகுப்பில் ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் இப்படிக் கவனிக்க வேண்டாம். மூன்றாவது பிள்ளையைச் சேர்த்தால் பாடமும் போகும், கணக்கும் தப்பும்.

3. கையில் வேண்டியவை

சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் சின்ன நோட்டு ஒன்று. கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று. பென்சில். நொடிமுள் உள்ள கைக்கடிகாரம். கைப்பேசி வேண்டாம், அதை எடுத்த உடனே நாற்பது கண்ணும் உங்கள் பக்கம் திரும்பும்.

எண்ணிக்கைக்கு எளிய வழி ரப்பர் பேண்டு. இடது மணிக்கட்டில் பத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நடத்தை ஒரு தடவை நடந்தால் ஒன்றை வலது கைக்கு மாற்றுங்கள். புளியங்கொட்டையை ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினாலும் சரிதான். கரும்பலகை ஓரத்தில் கோடு போட்டு எண்ணக் கூடாது. இரண்டே நாளில் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு கோட்டைக் கூட்டுவதற்காகவே எழுந்து நிற்பார்கள்.

நோட்டில் பெயர் எழுதாதீர்கள். "5-அ-12" என்பதுபோல ஒரு குறி போதும். எந்தக் குறி யாருடையது என்ற பட்டியல் தலைமையாசிரியர் அறைப் பீரோவில் தனியாக இருக்கட்டும். மேசைமேல் மறந்து வைத்த நோட்டைப் பிள்ளைகள் புரட்டிப் பார்ப்பது அடிக்கடி நடக்கிறது. அதில் பெயர் இருந்தால் அன்று மாலைக்குள் தெரு முழுக்கப் பரவிவிடும்.

4. நடத்தையைக் கண்ணுக்குத் தெரியும் சொல்லில் சொல்லுங்கள்

மற்ற எல்லாப் படியும் நிற்பது இதன்மேல்தான். "கவனமில்லை" என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. "புத்தகத்தையோ கரும்பலகையையோ பேசுகிறவரையோ பார்க்காமல் வேறு பக்கம் பார்ப்பது" என்பதைப் பார்க்க முடியும். "முரட்டுத்தனம்" என்பதை எண்ண முடியாது. "கையாலோ காலாலோ பொருளாலோ இன்னொரு பிள்ளையை அடிப்பது, தள்ளுவது" என்பதை எண்ணலாம்.

எது சேரும், எது சேராது என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். இடத்தைவிட்டு எழுவது என்றால்: உட்காரும் பகுதி பெஞ்சிலிருந்து முழுதாக விலக வேண்டும். பதில் சொல்ல எழுந்தது சேராது. தண்ணீர் குடிக்கக் கேட்டுவிட்டுப் போனது சேராது. முன்வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒரு தடவை. போன இடத்திலிருந்து இன்னொரு பெஞ்சுக்குப் போனாலும் அதே ஒரு தடவைதான். இதை முன்கூட்டி முடிவு செய்யாவிட்டால், உங்களுக்கு எரிச்சலான நாளில் எண்ணிக்கை தானாக ஏறும்.

செய்யாததை எண்ண முயலாதீர்கள். "வீட்டுப்பாடம் எழுதுவதில்லை", "பதில் சொல்வதில்லை" என்பவற்றைத் திருப்பிப் போடுங்கள்: கேட்ட பத்துக் கேள்வியில் எத்தனைக்கு வாய் திறந்தாள்?

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துப் பள்ளிகளில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். "சொன்னதைச் செய்வதில்லை" என்று எழுதுமுன், ஒரே கட்டளையை ஒரு தடவை வாயால் மட்டும் சொல்லுங்கள். இன்னொரு தடவை கைச்சாடையோடு சொல்லுங்கள். இரண்டையும் தனித்தனியே குறியுங்கள். சாடையோடு சொன்னால் செய்கிறது, வாயால் சொன்னால் செய்யவில்லை என்றால் அது நடத்தைப் பிரச்சினையே இல்லை. தமிழ் புரியவில்லை, அல்லது காது சரியாகக் கேட்கவில்லை.

5. கேள்விக்கேற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே முறை என்று வைத்துக்கொள்வதுதான் பரவலான பிழை.

நிகழ்வுக் குறிப்பு: எப்போதாவது நடக்கும், ஆனால் முக்கியமான நிகழ்ச்சிக்கு. நாலைந்து வரி. நடந்தது மட்டும். சண்டை, திடீர் அழுகை, முதன்முறையாகத் தானே முன்வந்து வாசித்தது எல்லாம் இதில் வரும்.

முன், நடத்தை, பின்: ஏன் நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதுதான். பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். நடத்தைக்கு முந்தைய அரை நிமிடத்தில் என்ன நடந்தது. பிள்ளை என்ன செய்தது. உடனே நீங்களும் மற்றவர்களும் என்ன செய்தீர்கள். மூன்றாவது பத்தியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கணக்குப் போடச் சொன்னதும் பக்கத்துப் பையனைக் கிள்ளுகிறான், நீங்கள் வெளியே நிற்கச் சொல்கிறீர்கள், கணக்கிலிருந்து தப்பித்துவிடுகிறான் என்றால், கிள்ளினால் கணக்குப் போட வேண்டியதில்லை என்பதை நாமேதான் சொல்லிக்கொடுக்கிறோம். பத்துப் பன்னிரண்டு நிகழ்ச்சியாவது சேர்ந்த பிறகுதான் இந்தப் பக்கத்தை நம்பலாம்.

எண்ணிக்கை: தொடக்கமும் முடிவும் தெளிவாக உள்ள நடத்தைக்கு. எழுந்து போவது, குறுக்கே பேசுவது, கை தூக்குவது. எத்தனை நிமிடம் பார்த்தீர்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். 30 நிமிடத்தில் 12 தடவையும் 40 நிமிடத்தில் 12 தடவையும் ஒன்றல்ல. 10 நிமிடத்துக்கு என்று மாற்றினால் முதலாவது 4, இரண்டாவது 3.

நீடித்த நேரம்: அழுகை, மேசையில் தலை கவிழ்த்துப் படுப்பது போன்றவற்றுக்கு. ஒரு நாளில் ஒரே தடவை அழுதாள் என்பதைவிட 25 நிமிடம் அழுதாள் என்பதுதான் தகவல். சொன்ன பிறகு வேலையைத் தொடங்க எவ்வளவு நேரமாகிறது என்பதையும் இப்படியே அளக்கலாம்.

குறித்த நேரப் பார்வை: பாடம் நடத்திக்கொண்டே செய்ய இதைவிட நல்ல வழி கிடையாது. 40 நிமிடப் பாடவேளையில் 2 நிமிடத்துக்கு ஒரு முறை கடிகாரத்தைப் பார்த்து, அந்த நொடியில் பிள்ளையைப் பாருங்கள். வேலையில் இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் பூஜ்யம். மொத்தம் 20 கட்டம். அந்த நொடிக்கு முன்னும் பின்னும் செய்ததைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்துப் பூஜ்யம் போட்டால் முழுப் பதிவும் வீண். சத்தம் வரும்போது மட்டும் பார்த்தால் எந்தப் பிள்ளையும் சேட்டைக்காரனாகத்தான் தெரிவான். ஓரிரு நொடியில் முடிந்துவிடும் நடத்தைக்கு இம்முறை உதவாது, கண்ணுக்குத் தப்பிவிடும்.

6. நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், இப்போதிருக்கும் நிலையை 5 வேலைநாள் பதிவு செய்ய வேண்டும். குறைந்தது 3 நாள். ஒரு நாள் பார்த்து முடிவுக்கு வருவது எப்போதும் தப்பு.

நடத்தை அடிக்கடி நடக்கும் ஒரு பாடவேளையையும், நடக்காத ஒரு பாடவேளையையும் எடுங்கள். நடக்காத வேளையை யாரும் எழுதுவதில்லை. ஆனால் பிள்ளை எந்த இடத்தில் சரியாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் வழி பிறக்கும்.

ஊரின் நடப்பையும் பார்த்து நாள் குறியுங்கள். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டி நோம்பி (திருவிழா) நடக்கும் வாரத்தில் பாதி வகுப்பு ராத்திரி கம்பத்தாட்டம் பார்த்துவிட்டு வந்து தூங்கும். அந்த வாரப் பதிவு எதற்கும் உதவாது. பரீட்சைக்கு முந்தைய வாரமும் அப்படியே. திங்கள் காலையைத் தனியாகக் குறியுங்கள்: பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்த தென்மாவட்டக் குடும்பங்கள் ஞாயிறு சொந்த ஊர் போய் இரவுப் பஸ்ஸில் திரும்புவது வழக்கம். திங்கள் முதல் பாடவேளையில் மட்டும் தூங்கும் பிள்ளையின் காரணம் வகுப்புக்குள் இருக்காது.

ஒவ்வொரு நாள் பதிவின் தலைப்பிலும் நாலு சின்ன விவரம் போடுங்கள்: எந்தப் பாடம், பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது, தனி வேலையா குழுவா, காலையில் சாப்பிட்டதா. தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் இருப்பதால் கடைசிக் கேள்விக்கு விடை எளிதாகத் தெரியும். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்ட வகுப்பானால், கற்றல் நிலைப்படி பிரித்த அரும்பு, மொட்டு, மலர் இவற்றில் எந்தக் குழு என்றும் சேர்க்கவும். பாடம் நிலைக்கு மீறியிருந்தால் பிள்ளை வேறு வேலை தேடிக்கொள்ளும்.

7. எழுதும் விதம்

அந்த நேரத்தில் சின்ன நோட்டில் ஐந்தாறு சொல். அன்றைக்கே, வீட்டுக்குக் கிளம்பும் முன், பெரிய நோட்டில் முழுதாக. மறுநாளைக்குத் தள்ளினால் நடந்தது மறந்து நமக்குத் தோன்றியதுதான் மிஞ்சும்.

இப்படி எழுதக் கூடாது:

"5-அ-12 இன்று கணக்கு வகுப்பில் வேண்டுமென்றே தொந்தரவு செய்தான். எத்தனை சொன்னாலும் கேட்கவில்லை. எல்லாரையும் கெடுக்கிறான்."

இப்படி எழுதலாம்:

"செவ்வாய், மூன்றாம் பாடவேளை, கணக்கு. நான்காம் பெஞ்சு, சுவரோரம். 11.20: பின்னக் கணக்கு ஐந்தைக் கரும்பலகையில் எழுதி, நோட்டில் எழுதச் சொன்னேன். 11.22: எழுந்து முதல் பெஞ்சுக்கு வந்து, அங்கிருந்தவனின் நோட்டை எட்டிப் பார்த்தான். 'ஏண்டா எந்திரிச்ச' என்றேன். பதில் சொல்லாமல் திரும்பிப் போனான். 11.25: மறுபடி வந்தான். முதல் பெஞ்சுப் பையன் நோட்டை மூடிக்கொண்டான். இவன் 'காட்டுடா' என்று நோட்டை இழுத்தான். அட்டை கிழிந்தது. இடத்துக்குப் போகச் சொன்னேன், போனான். 11.40 வரை எழவில்லை. நோட்டில் முதல் கணக்கு மட்டும் எழுதியிருந்தது. 3/8 என்பதை 3/3 என்று எழுதியிருந்தான்."

முதல் குறிப்பில் பையனைப் பற்றி ஆசிரியரின் கோபம் மட்டும் இருக்கிறது. இரண்டாவதில் கண் பரிசோதனைக்கு அனுப்பத் தேவையான சான்று கிடைத்துவிட்டது. எழுதும்போது அந்தக் கடைசி வரி எதற்காவது உதவும் என்று தோன்றியிருக்காது. அதனால்தான் கண்ணில் பட்டதை எல்லாம் எழுதச் சொல்வது.

உங்களுக்குத் தோன்றும் கருத்தை எழுதக் கூடாது என்றில்லை. கீழே ஒரு கோடு போட்டு, "நினைப்பு:" என்று தலைப்பிட்டு எழுதுங்கள். இரண்டும் கலக்காமல் இருந்தால் போதும். "எப்போதும்", "வேண்டுமென்றே", "கொஞ்சங்கூட" என்ற மூன்று சொல்லும் கோட்டுக்கு மேலே வந்தால் அடித்துவிடுங்கள். நோய்ப் பெயர் எதையும் எழுத வேண்டாம்; அதைச் சொல்ல வேண்டியது டாக்டர்.

சாதிப் பெயரும் நோட்டில் வரக் கூடாது. மதியம் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யாரைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள், என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை நடந்தபடி எழுதுங்கள். ஒதுக்கிவைப்பது தெரிந்தால் அதை முதல் படியில் சொன்னவற்றோடு சேர்த்து, அன்றைக்கே தலைமையாசிரியரிடம் கொண்டுபோங்கள்.

8. பக்கத்துப் பிள்ளைகளையும் எண்ணுங்கள்

ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தால் எண் எவ்வளவு பெரிது என்று தெரியாது. அதே பாடவேளையில் வேறு மூன்று பிள்ளைகளை மாறி மாறிப் பாருங்கள். 20 பார்வையில் இவன் 9 முறை வேலையில் இருந்தான் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் 16 என்றால் இவனைப் பற்றி யோசிக்க வேண்டும். மற்றவர்களும் 10 என்றால் யோசிக்க வேண்டியது பாடத்தைப் பற்றி, அல்லது பகல் வெயிலில் கொதிக்கும் தகரக் கூரையைப் பற்றி. இந்த ஒப்பீடு இல்லாததால்தான் பல பிள்ளைகள்மேல் காரணமில்லாமல் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

முடிந்தால் ஒரு பாடவேளை இன்னொரு ஆசிரியரைப் பின்னால் உட்காரவைத்து, அதே கட்டங்களை அவரையும் நிரப்பச் சொல்லுங்கள். 20 கட்டத்தில் 17 ஒத்துப்போனால் 85 சதவீதம், ஏற்கலாம். 80-க்குக் கீழே வந்தால் யார் சரி என்று வாதாட வேண்டாம். நாலாம் படியில் எழுதிய வரையறை தெளிவாக இல்லை என்று பொருள். அதைத் திருத்திக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

9. வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சேர்த்துப் படியுங்கள்

எழுதியதைப் படிக்காமலே விடுவது பெரிய வீணடிப்பு. வாரக் கடைசியில் கால் மணி நேரம் ஒதுக்கி, "முன்" பத்தியை மட்டும் மேலிருந்து கீழாகப் படியுங்கள். பிறகு "பின்" பத்தியை மட்டும்.

மேலே சொன்ன பையன் ஐந்து நாளில் 11 தடவை எழுந்தான் என்று கொள்வோம். அதில் 9, கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்ன பிறகு. வாய்க்கணக்கின்போது ஒன்றுகூட இல்லை. தமிழ்ப் பாடத்தில் புத்தகத்தைப் பார்த்து எழுதும்போதும் இல்லை. இப்போது கேள்வி தானே சுருங்கிவிடுகிறது: தூரத்தில் உள்ளது தெரிகிறதா?

அதிகம் பேர் தவறவிடும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "கனவு கண்டுகொண்டு உட்கார்ந்திருக்கிறாள்" என்று தோன்றும் பிள்ளையிடம், அது எத்தனை நொடி நீடிக்கிறது என்று எண்ணுங்கள். பேச்சின் நடுவே, எழுத்தின் நடுவே சட்டென்று நின்று, சுமார் பத்து நொடி வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல மீண்டும் தொடர்ந்தால், அந்தச் சமயத்தில் தோளைத் தொட்டும் திரும்பவில்லை என்றால், அது ஒருவகை வலிப்பாக இருக்கக்கூடும். அதட்டி நிறுத்த முடியாது. ஒரு நாளில் எத்தனை தடவை, எத்தனை நொடி, தொட்டபோது திரும்பியதா என்ற மூன்றையும் எழுதி டாக்டரிடம் அனுப்புங்கள். சாதாரணப் பராக்குப் பார்க்கும் பிள்ளை தொட்டதும் திரும்பும்.

சத்தமாகப் பேசுவதையும் அவசரப்பட்டு முரட்டுத்தனம் என்று எழுதாதீர்கள். சோமனூர், பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் விசைத்தறி ஓடும் தறிக்குடோனை ஒட்டிய வீடுகளில் கத்தினால்தான் ஒருவருக்கொருவர் கேட்கும். அது வெறும் பழக்கமாகவும் இருக்கலாம், காது மந்தமாகவும் இருக்கலாம். முதுகுப் பக்கமிருந்து சாதாரணக் குரலில் பெயரைச் சொல்லி ஐந்து தடவை கூப்பிட்டுப் பார்த்து, எத்தனைக்குத் திரும்பினான் என்று எழுதுங்கள்.

10. வீட்டாரிடம் பேசுவது

எண் கையில் வந்த பிறகுதான் கூப்பிட வேண்டும். முன்கூட்டிக் கூப்பிட்டால் புகார் சொல்லத்தான் முடியும்.

பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைப்படி கூலிக்கு, தைக்கிறவரை வேலைநாளில் பள்ளிக்கு வரச்சொன்னால் அன்றைய கூலி போகும். அந்தக் கோபம் வீட்டில் பிள்ளை முதுகில்தான் இறங்கும். டீ நேரத்தில் போனில் பேசலாம், அல்லது ஷிப்ட் முடிந்து போகும் வழியில் பத்து நிமிடம் வரச்சொல்லலாம். ஓவர்டைம் இருக்கும் வாரத்தைத் தவிருங்கள்.

முதலில் பிள்ளை நன்றாகச் செய்ததை நோட்டிலிருந்து சொல்லுங்கள். பிறகு பார்த்ததைச் சொல்லிக் கேள்வியாக முடியுங்கள்: "வாய்க்கணக்குல தம்பி டக்குனு சொல்லீர்றானுங்க. போர்டைப் பாத்து எழுதறப்பதான் எந்திரிச்சு முன்னாடி வந்தர்றான். ஊட்ல டிவி பாக்கறப்ப எப்படீங்க, கிட்டப் போய் உக்காந்துக்கறானுங்களா?" இப்படிக் கேட்டால், "ஆமாங்க டீச்சர், எத்தன தாட்டி சொன்னாலும் டிவிக்குப் பக்கத்துலயே போய் உக்காந்துக்கறானுங்க" என்று தகவல் வரும். "உங்க பையன் அடங்கவே மாட்டேங்கறான்" என்று ஆரம்பித்தால் "ரெண்டு போட்டு வைங்க சார்" என்பதுதான் பதிலாக வரும்.

அப்படிச் சொன்னாலும் அடிக்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெற்றோர் சம்மதம் அதற்கு விலக்கில்லை.

11. ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி எண்ணுங்கள்

இடம் மாற்றுவது, கணக்கைக் குறைத்துக் கொடுப்பது, எழுந்த பிறகு திட்டுவதற்குப் பதிலாக எழாமல் இருக்கும்போது பாராட்டுவது. இவற்றில் ஒன்றை மட்டும் செய்து, அதே பாடவேளையில், அதே முறையில் 5 நாள் எண்ணுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பையனை முதல் பெஞ்சுக்கு மாற்றிய வாரத்தில் 11 என்பது 2 ஆனால், கண்ணைக் காட்டச் சொல்ல இதைவிட உறுதியான காரணம் வேண்டாம்.

கவனத்தை இழுப்பதற்காகச் செய்யும் நடத்தையானால், நாம் கண்டுகொள்ளாமல் விட்ட முதல் சில நாள் எண்ணிக்கை கூடும். அங்கே பயந்து பழைய வழிக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு வாரமாவது பொறுங்கள். அடிப்பது, கடிப்பது போன்றவற்றை மட்டும் கண்டுகொள்ளாமல் விடக் கூடாது.

12. யாரிடம் அனுப்புவது

பார்வை, செவி, பல், வளர்ச்சித் தாமதம் என்றால் பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் உங்கள் ஒரு பக்கச் சுருக்கத்தைக் கொடுங்கள். வருகிற நாளில் அந்தப் பிள்ளை விடுப்பில் இருந்துவிடாமல் முன்னதாகவே வீட்டில் சொல்லிவையுங்கள். எழுத்து வாசிப்பில் தொடர்ந்த சிக்கல், ஆட்டிசம் போன்ற ஐயம் என்றால் வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வளமையத்தின் சிறப்பாசிரியரிடம் அனுப்புங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அடக்கம். மனச்சோர்வு பற்றி ஆலோசனைக்கு 14416 என்ற தொலைபேசி எண்ணை அழைக்கலாம்.

சுருக்கத்தில் ஐந்தே விஷயம்: கேள்வி, வரையறை, எத்தனை நாள் எத்தனை நிமிடம் பார்த்தது, எண்கள், மாற்றிப் பார்த்தபோது நடந்தது. நோட்டை முழுதாகக் கொடுக்க வேண்டாம். படிக்க யாருக்கும் நேரமிருக்காது.

13. அமைதியான பிள்ளைகளுக்குச் சுழற்சி முறை

இதுவரை சொன்னதெல்லாம் நம் கண்ணில் படும் பிள்ளைகளுக்கு. யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒரு வருஷம் முழுக்க ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போகும் பிள்ளையைப் பற்றி நோட்டில் ஒரு வரிகூட இருக்காது. உதவி அதிகம் தேவைப்படுவது பல சமயம் அவர்களுக்குத்தான்.

வருகைப் பதிவேட்டு வரிசையில் நாளுக்கு இரண்டு பேர். 36 பேர் வகுப்பானால் 18 வேலைநாளில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொருவருக்கும் மூன்று வரி: இன்று யாரோடு பேசியது, தானாக முன்வந்து என்ன செய்தது, மதியம் யாரோடு சாப்பிட்டது. இரண்டு சுற்றிலும் மூன்றுக்கும் "யாருமில்லை", "ஒன்றுமில்லை" என்று வந்தால் அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.

14. நோட்டைப் பாதுகாப்பது

நோட்டு பூட்டிய பீரோவில் இருக்க வேண்டும். பக்கத்தைப் படம் எடுத்து ஆசிரியர் வாட்ஸ்ஆப் குழுவில் போடக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் பதிவை வாசிக்கக் கூடாது. பெற்றோர் கேட்டால் அவர்களுடைய பிள்ளையின் பக்கத்தை மட்டும் காட்டலாம். அதில் வேறு பிள்ளையின் பெயர் இல்லாதபடி முதலிலேயே எழுதுவது இதற்காகவும்தான்.

ஆண்டு முடிவில் அடுத்த வகுப்பு ஆசிரியருக்குப் போக வேண்டியது ஒரு பக்கச் சுருக்கம் மட்டும்: எது உதவியது, எது உதவவில்லை, எங்கே அனுப்பினோம், அங்கே என்ன சொன்னார்கள். கண்ணாடி போட்ட பிறகு எழுவதை நிறுத்திவிட்ட பையனின் பழைய பக்கங்களைப் புது ஆசிரியர் கையில் கொடுத்தால், ஜூன் மாதம் முதல் நாளே அவனைச் சேட்டைக்காரன் என்று முத்திரை குத்திவிடுவார். சட்டப்படி தெரிவித்த விஷயங்கள் பற்றிய குறிப்புகளை மட்டும் தனி உறையில் ஒட்டி, தேதியும் கையொப்பமும் போட்டுத் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.